பெரிய தட்டு, சிறிய கணக்கு

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது, மாணவர் கைக்கு வந்த பொறிகளில் ஒரே வன்தட்டில் இரண்டு இயக்க முறைமைகள் இருந்தன. ஒன்று விண்டோஸ் 7-இன் சிறிய பதிப்பு. மற்றது லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ். தட்டைப் பகுதிகளாகப் பிரித்தல் என்ற வேலை தமிழ்வழி மாணவர்களின் வீட்டுக்குள் நுழைந்தது அப்போதுதான் எனலாம். "பாஸ் இருக்கிற இடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அழித்தேன் சார், இப்போது பொறி எழும்பவே மாட்டேன் என்கிறது" என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளைகள் சிலரை நான் பார்த்திருக்கிறேன். பொறியை எழுப்பும் செயல்முறையின் தலை தட்டின் முதல் கூறிலும், உடல் பாஸின் பகுதியிலும் இருந்தன. உடலை அழித்த பிறகு தலை மட்டும் என்ன செய்யும்? பிள்ளையின் பாடக் குறிப்புகளும் படங்களும் அதே தட்டில் பத்திரமாகத்தான் இருக்கும். அவற்றிற்குப் போகும் வழிதான் போயிருக்கும்.

இந்த வேலைக்கென்று பழைய கணிப்பொறிகளில் இருந்த இரு செயல்முறைகள் எஃப்டிஸ்க்கும் ஃபார்மட்டும். புத்தகத்தையும் நாடகத்தையும் விமரிசனம் செய்வதுபோல் இவற்றையும் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஏனெனில் பழைய பொறிகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. பள்ளி ஆய்வகத்தில், ரசீது போடும் கடையில், புதிய முறைமையில் ஓடாத ஏதோ ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு அவை ஓடுகின்றன. அவற்றின் தட்டு பழுதானால் கடையில் கிடைப்பதோ மிகப் பெரிய தட்டு.

முதலில் இவ்விரண்டும் செய்வதென்ன என்று பார்ப்போம். எங்கள் நாஞ்சில் நாட்டில் ஒரு வயலை அண்ணன் தம்பிகள் பிரிக்கும்போது, எங்கே தொடங்கி எவ்வளவு நீளம் யாருக்கு என்பது பத்திரத்தில் ஏறுகிறது. எஃப்டிஸ்க் எழுதுவது அந்தப் பத்திரத்தை. அதன்பின் அவரவர் பங்கில் வரப்பும் மடையும் அமைத்தால்தான் பயிரிட முடியும். ஃபார்மட் செய்வது அதை. இச்சொல்லை 'வடிவமைத்தல்' என்று தமிழில் எழுதுகிறார்கள். எனக்கு இது உடன்பாடில்லை. தட்டின் வடிவம் எதுவும் மாறுவதில்லை. 'பாத்தி கட்டுதல்' என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் புரியும். ஆங்கிலச் சொல்லும் நேர்மையானதன்று. விண்டோஸ் எக்ஸ்பி-யில் முழு ஃபார்மட் என்று கொடுத்தாலும், அது தட்டைப் படித்துச் சோதிக்குமேயன்றிப் பழைய தகவல்களின்மேல் எதையும் எழுதி அழிக்காது. விஸ்டாவிலிருந்து அதே முழு ஃபார்மட், தட்டு முழுவதும் சுழியை எழுதி அழித்துவிடும். ஒரே சொல், ஒரே பொத்தான்; ஒன்றில் தகவலை மீட்கலாம், மற்றொன்றில் மீட்க முடியாது. பழைய பொறியை விற்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனிப் பத்திரத்தைப் பார்ப்போம். தட்டில் தகவல் 512 பைட் கொண்ட கூறுகளாக எழுதப்படுகிறது. 1983-இல் டாஸ் 2.0 வந்தபோது முதல் கூறிலேயே பத்திரத்தையும் வைத்தார்கள். 446 பைட் எழுப்பும் செயல்முறைக்கு, 64 பைட் பத்திரத்துக்கு, 2 பைட் முத்திரைக்கு. பங்கு ஒன்றுக்கு 16 பைட். ஆகவே நான்கு பங்குகளுக்கு மேல் நேராக எழுத இடமில்லை. பங்கு எங்கே தொடங்குகிறது, எத்தனை கூறுகள் என்பவற்றுக்குத் தலா 32 இருமை இலக்கங்கள். 32 இலக்கங்களில் எழுதக்கூடிய எண்ணை 512-ஆல் பெருக்கிப் பாருங்கள்: சுமார் 2,20,000 கோடி பைட், அதாவது 2.2 டெராபைட். அந்த ஆண்டு ஐ.பி.எம். விற்ற பொறியின் தட்டு 10 மெகாபைட், அதாவது ஒரு கோடி பைட். கையில் இருந்ததைவிட இரண்டு லட்சம் மடங்குக்கும் மேல் இடம் விட்டு எழுதிய பத்திரம் அது. சுமார் 27 ஆண்டுகள் தாங்கியது. அதைக் குறுகிய பார்வை என்று சிலர் பழிப்பது நியாயமாகாது.

பழிக்க வேண்டியது வேறிடத்தில் இருக்கிறது. தட்டில் ஓர் இடத்தைக் குறிக்க அக்காலத்தில் மூன்று எண்கள் வழங்கின: எத்தனையாவது உருளை, எத்தனையாவது தலை, எத்தனையாவது கூறு. பொறிக்குள் இருக்கும் பயாஸ் என்னும் செயல்முறை இவற்றுக்கு முறையே 10, 8, 6 இலக்கங்கள் ஒதுக்கியது. தட்டையும் பொறியையும் இணைக்கும் ஏ.டி.ஏ. என்ற முறை 16, 4, 8 இலக்கங்கள் ஒதுக்கியது. தனித்தனியே பார்த்தால் முன்னதற்குச் சுமார் 8.4 ஜிகாபைட்டும், பின்னதற்குச் சுமார் 137 ஜிகாபைட்டும் எட்டும். ஆனால் ஒரு கட்டளை இரண்டின் வழியாகவும் போக வேண்டும். ஒரு வீட்டில் அகன்று தாழ்ந்த வாசல், உள்ளே உயர்ந்து ஒடுங்கிய வாசல். கட்டிலை இரண்டின் வழியாகவும் கொண்டுபோகப் பாருங்கள்! ஒவ்வொன்றிலும் குறைந்ததே நிற்கும்: 10, 4, 6. அதாவது 1024 உருளை, 16 தலை, 63 கூறு (கூறின் எண் ஒன்றில் தொடங்குவதால் 64 அன்று). பெருக்கினால் 52,84,82,304 பைட். அரை ஜிகாபைட்தான்! 1990-களின் நடுவில் 528 மெகாபைட்டுக்கு மேற்பட்ட தட்டுகளை வாங்கியவர்கள் பட்ட பாடு இதனால் வந்ததே. இருவரில் எவரும் கஞ்சத்தனம் செய்யவில்லை. ஒருவரையொருவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். இயற்பியல் மாணவர்களுக்கு இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது. நான் இதை வகுப்பில் கொடுப்பதுண்டு.

எல்லை இருப்பது குற்றமன்று. எல்லையை எட்டும்போது ஒரு செயல்முறை என்ன செய்கிறது என்பதை வைத்தே அதை மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. ஐந்து இலக்கம் கொண்ட பழைய ஸ்கூட்டர் மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். 99,999-க்குப் பிறகு அது நின்றுவிடுவதில்லை, 00000 காட்டுகிறது. பார்ப்பவர் புது வண்டி என்று நினைப்பார். விண்டோஸ் 98-உடன் வந்த எஃப்டிஸ்க் இப்படித்தான் நடந்தது. தட்டின் அளவைக் கணக்கிட அது உள்ளே 16 இலக்க எண்களைப் பயன்படுத்தியதால், 64 ஜிகாபைட்டைத் தாண்டிய தட்டில் 64-ஐக் கழித்து மீதியைக் காட்டியது. 80 ஜிகாபைட் தட்டுப் போட்டவர் திரையில் பத்துச் சொச்சம் கண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார். அதே 98-இன் ஃபார்மட்டும் திரையில் தவறான அளவைக் காட்டும்; ஆனால் தட்டு முழுவதையும் சரியாகவே பாத்தி கட்டிவிடும். வாயில் பொய், கையில் உண்மை!

இவை பார்வைக்குத் தொல்லை, பொருளுக்குச் சேதமில்லை. 137 ஜிகாபைட் எல்லை அப்படியன்று. மூன்று எண்களை விட்டுக் கூறுகளைச் சுழியிலிருந்து வரிசையாக எண்ணும் முறை வந்தபோது, ஏ.டி.ஏ. அதற்கு 28 இலக்கங்கள் கொடுத்தது. 2-இன் 28-ஆம் அடுக்கை 512-ஆல் பெருக்கினால் 13,744 கோடி பைட். 2002-ஐ ஒட்டி இது 48 இலக்கங்களாக உயர்ந்தது. ஆனால் விண்டோஸ் 98-உம், 2001-இல் முதலில் வெளிவந்த எக்ஸ்பி-யும் அதை அறியா. நான் மாணவனாக இருந்தபோது எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர், பழைய ஸ்கேனர் 98-இல் மட்டுமே ஓடும் என்பதால் அந்தப் பொறியை விடாமல் வைத்திருந்தார். வேறு பொறியில் ஒரே பகுதியாகப் பிரித்துப் பாத்தி கட்டிய 160 ஜிகாபைட் தட்டு ஒன்றை அதில் மாட்டினார்கள். மாதக்கணக்கில் ஒரு குறையுமில்லை. கல்யாணப் படங்கள் நிறைந்துகொண்டே வந்து 137-ஐத் தாண்டிய அன்று, 29-ஆம் இலக்கத்தை எழுத இடமில்லாமல் அது உதிர்ந்தது. தட்டின் கடைசியில் எழுத வேண்டிய படம் தட்டின் தொடக்கத்தில் போய் விழுந்தது. தொடக்கத்தில் இருப்பது என்ன? பத்திரமும், வரப்பு வரைபடமும். மறுநாள் காலையில் தட்டு காலி என்று பொறி சொன்னது. எத்தனை வீட்டுக் கல்யாணம்! 'இதற்குமேல் எனக்குத் தெரியாது' என்று அந்த முறைமை ஒரு வரி சொல்லியிருந்தால் ஒரு படமும் போயிருக்காது. இதைப் பிழை என்பதைவிடப் பொறுப்பின்மை என்றே நான் சொல்வேன். ஏனெனில், தன் எண்ணில் எத்தனை இலக்கம் என்பது எழுதியவர்களுக்குத் தெரியாததன்று.

இதற்கு நேர்மாறானது 32 ஜிகாபைட் எல்லை. 1996-இல் வந்த ஃபேட்32 என்னும் பாத்தி முறை அதைவிட மிகப் பெரிய பகுதிகளையும் ஏற்கும். விண்டோஸ் 98 அவற்றை அமைக்கும்; எக்ஸ்பி அவற்றைப் படிக்கும், எழுதும். ஆனால் புதிதாக அமைக்கச் சொன்னால் 32-க்கு மேல் எக்ஸ்பி மறுத்துவிடும். விண்டோஸ் என்.டி.யின் ஃபார்மட் பெட்டியை 1994-இன் இறுதியில் எழுதிய டேவ் பிளம்மர், தற்காலிகமாகச் செய்த வேலை அது என்றும், அந்த எல்லையைத் தாமே தீர்மானித்ததாகவும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். காரணம் இல்லாமலில்லை. பகுதி பெரிதாகப் பெரிதாகப் பாத்தியும் பெரிதாகும். 32 கிலோபைட் பாத்தியில் ஒரு கிலோபைட் கடிதம் எழுதினால் மீதி 31 வீண். வீணாவது என் இடம், அதை முடிவு செய்ய வேண்டியவன் நானல்லவா என்று கேட்கலாம். எனினும் மறுப்பதால் பொருள் நஷ்டமில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மறுத்த விதம் வேடிக்கை. கட்டளை வரியில் ஃபார்மட் கொடுத்தால் தட்டு முழுவதையும் நெடுநேரம் சோதித்துவிட்டு, கிட்டத்தட்ட முடியும் தறுவாயில்தான் 'அளவு மிகப் பெரிது' என்று சொல்லும். பந்தியில் உட்காரவைத்து இலை போட்ட பின் சோறில்லை என்பதுபோல! கட்டளை வரியில் இந்த எல்லையை 2 டெராபைட்டாக உயர்த்திய சோதனைப் பதிப்பு 2024 ஆகஸ்டில்தான் வந்தது.

அட்டையில் 320 ஜிகாபைட், திரையில் 298 என்பது தனி விவகாரம். அதில் மோசடி ஏதுமில்லை. விற்பவர் 100 கோடி பைட் என்ற சின்ன மரக்காலால் அளக்கிறார், விண்டோஸ் 107 கோடிச் சொச்சம் என்ற பெரிய மரக்காலால் அளக்கிறது.

கடைசியாக 2.2 டெராபைட். 32 இலக்கப் பத்திரம் முடியும் இடம் இது. 3 டெராபைட் தட்டை எக்ஸ்பி-யில் மாட்டினால் பல பொறிகளில் 746 ஜிகாபைட் காட்டும். மூன்றிலிருந்து 2.2-ஐக் கழித்துப் பெரிய மரக்காலால் அளந்து பாருங்கள், அதே எண் வரும். மீண்டும் ஸ்கூட்டர் மீட்டர்தான். அந்த 746-இல் எதையும் எழுதத் துணியாதீர்கள். இதற்கு மாற்றாக வந்த ஜி.பி.டி. என்னும் பத்திரத்தில் 64 இலக்கங்கள், வழக்கமாக 128 பங்குகள். பத்திரத்தின் நகல் ஒன்று தட்டின் இறுதியிலும் இருக்கிறது. இவற்றைவிட என்னைக் கவர்ந்தது வேறொன்று. முதல் கூறில், பழைய பத்திரத்தின் வடிவிலேயே, 'தட்டு முழுவதும் ஒரே பங்கு, இன்னதென்று உனக்குத் தெரியாத வகை' என்று ஒரு போலிப் பதிவை அது எழுதி வைக்கிறது. புதிய முறையை அறியாத எஃப்டிஸ்க் வந்து பார்த்தால், காலி மனை என்று எண்ணிக் குடியேறாது. ஆளிருக்கும் இடம் என்று விலகிப்போகும். எக்ஸ்பி-யும் அப்படியே, பாதுகாக்கப்பட்ட பகுதி என்று காட்டி ஒதுங்கிக்கொள்கிறது. தன்னை அறியாதவன் கையிலிருந்தும் தகவலைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தவர்கள் எழுதிய பதிவு அது. இந்த நீண்ட கதையில் நான் மனமாரப் பாராட்டும் வேலையும் அதுதான்.

உங்கள் பள்ளியில் எக்ஸ்பி பொறி ஒன்று இன்னும் ஓடினால், முதலில் அதன் சர்வீஸ் பேக் எது என்று பாருங்கள். ஒன்றாவது இருந்தால் 137 எல்லை பற்றிய அச்சம் குறையும். இல்லையேல் 120 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தட்டை மாட்டாதீர்கள். விண்டோஸ் 98 என்றாலும் அப்படியே. 2 டெராபைட்டுக்கு மேற்பட்டதைப் புதிய பொறி ஒன்றில் மாட்டி, வலையமைப்பு வழியாகப் பழைய பொறிக்குக் கொடுங்கள். அப்போது கூறுகளை எண்ணுவது புதிய பொறி. பழையது கோப்பின் பெயரை மட்டும் கேட்கும். எப்படிச் செய்தாலும், தட்டு நிறையும் முன்பே ஒரு நகல் வேறு தட்டில் இருக்கட்டும்.