மீண்டு வந்தவளிடம் கேட்கப்படும் கேள்வி

விவிலியத்தின் மிகப் பழைய பாடல்களுள் ஒன்று, நீதித்தலைவர்கள் நூலின் ஐந்தாம் அதிகாரத்தில் வரும் தெபோராவின் பாடல். அதன் இறுதியில் படைத்தலைவன் சீசராவின் தாய் பலகணி வழியே பார்த்துக் காத்திருக்கிறாள். போருக்குப் போன மகன் ஏன் இன்னும் திரும்பவில்லை? கொள்ளைப் பொருளைப் பங்கிடுவதில் நேரமாகியிருக்கும், வீரர்களுக்கு ஆளுக்கு ஒரு பெண்ணோ இரு பெண்களோ கிடைத்திருப்பார்கள் என்று அவள் தனக்குத்தானே தேறுதல் சொல்லிக்கொள்கிறாள். ஒரு பெண்ணின் வாயிலேயே பிற பெண்கள் பண்டங்களாக எண்ணப்படுகின்றனர். போர் பெண்ணுக்குச் செய்வதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன இலக்கியம் அரிது. ஆயினும், அப்பெண்களுள் ஒருத்தி உயிரோடு தன் ஊருக்குத் திரும்பினால் அந்த ஊர் அவளை எவ்வாறு எதிர்கொண்டிருக்கும்? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு சில எழுத்துகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மொழியில் இக்கேள்வியைக் கூர்மையாக எழுப்பியவர் புதுமைப்பித்தன். 1943இல் வெளிவந்த அவரது ‘சாப விமோசனம்’ என்னும் சிறுகதையில், போர் முடிந்து மீட்கப்பட்ட சீதை தீக்குளிக்கும்படி கேட்கப்பட்ட செய்தியை அகலிகை அறிகிறாள். சாபம் நீங்கிப் பெண்ணானவள் மீண்டும் கல்லாகிறாள். இதை இராமனைக் குறைகூறும் கதையாக மட்டும் படிப்போர் பலர். சிறையிருந்தவளிடம் சான்று கேட்கும் சமூகத்தைப் பற்றிய கதையாகவும் அது விரிகிறது. சிறைவைத்தவனின் குற்றம் போர்க்களத்தோடு முடிந்துவிட்டது. சிறைப்பட்டவளின் விசாரணையோ அதன்பின்னரே தொடங்குகிறது. ஆனால் கதைக்குள் அகலிகைக்குக் கல்லாவதைத் தவிர வேறு புகலிடம் இல்லை. ஊரின் மீதான குற்றச்சாட்டு முழுமையாக இருக்கிறது. ஊர் வேறு எவ்வாறு நடந்திருக்கலாம் என்பதற்கான இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது.

அந்த வெறுமையை நிரப்ப, ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஆயர் முயன்றார். 410ஆம் ஆண்டில் அலாரிக் தலைமையில் கோத்தியர் உரோமை நகரைச் சூறையாடியபோது, துறவறம் பூண்ட கன்னியர் உள்படக் கிறித்தவப் பெண்கள் பலர் வன்முறைக்கு உள்ளாயினர். அவர்களை ஏளனம் செய்தோருக்கு மறுமொழியாகப் புனித அகுஸ்தினார் ‘கடவுளின் நகரம்’ என்னும் தம் பெருநூலின் முதற்பகுதியில் ஒரு தீர்ப்பை எழுதினார். கற்பு உள்ளத்தின் பண்பு. பிறன் உடலின்மேல் செய்யும் வன்செயல் அதை அழிக்க இயலாது. எனவே எவளும் வெட்கத்தால் தன் உயிரை மாய்த்துக்கொள்ளத் தேவையில்லை என்பதே அவர் வாதம். உரோமையர் போற்றிய லுக்ரேசியாவின் தற்கொலையையும் அவர் கேள்விக்கு உட்படுத்தினார். அக்காலத்தில் இது பெருந்துணிவு. எனினும் அதே பகுதியில், உள்ளத்தில் மறைந்திருந்த செருக்கின் பொருட்டு இறைவன் இதை அனுமதித்திருக்கலாமோ என்றும் அவர் வினவுகிறார். தேறுதல் சொல்ல வந்தவர் மீண்டும் பாதிக்கப்பட்டவளின் உள்ளத்தையே சோதிக்கத் தொடங்குகிறார். வாளேந்தி வந்தவனின் உள்ளமோ அங்கே அவ்வளவு ஆராயப்படவில்லை. மறைவல்லுநரிடமும் நாம் இதைச் சுட்டிக்காட்டத் தயங்கலாகாது.

அவருடைய முதல் வாதம் சரியெனில், நம் நாளேடுகள் நெடுங்காலம் எழுதிவந்த ‘கற்பழிப்பு’ என்ற சொல் பொய்யானது. பிறர் அழிக்கக்கூடியது அன்று கற்பு; அழிக்கப்பட்டது ஒரு மனிதரின் உரிமையும் பாதுகாப்பும். இச்சொற்பிழை நமக்கு மட்டும் உரியதன்று. 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 27ஆம் பிரிவும் இக்கொடுமையைப் பெண்ணின் மானத்தின்மீதான தாக்குதல் என்றே வகுத்தது. 1998இல் ருவாண்டாவுக்கான பன்னாட்டு நீதிமன்றம் அக்காயேசு வழக்கில், வன்புணர்வு இனப்படுகொலையின் கருவியாகவும் அமையலாம் எனத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் உருவான உரோமைச் சட்டம் அதைப் போர்க்குற்றமாகவும் மானுடத்திற்கு எதிரான குற்றமாகவும் பட்டியலிட்டது. இந்தியாவும் இலங்கையும் அதில் சேரவில்லை.

சொல்லைப் பற்றி ஏன் இவ்வளவு விவாதம் என்று கேட்கலாம். ஒரு சமூகத்தை அவமானப்படுத்த விரும்பும் படை, அச்சமூகம் தன் மானத்தை எங்கே வைத்திருக்கிறது என்பதை நன்கு அறியும். பெண்ணின் உடலில் அதை வைத்திருக்கிறோம் என்று நாமே அறிவித்தால், ஆயுதத்தை நாமே எதிரிக்கு எடுத்துக் கொடுத்தவர்களாவோம்.

ஈழத்தின் எழுத்துகள் இதை நமக்கு மிக அருகில் கொண்டுவந்தன. 1987 முதல் 1990 வரை அங்கே நின்ற இந்திய அமைதி காக்கும் படை நம்முடைய படை. அக்காலத்தில் பெண்கள் அடைந்த துன்பங்களை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் ஆசிரியர் ராஜினி திராணகம, ‘முறிந்த பனை’ நூலுக்காகப் பதிவு செய்தார். 1989 செப்டம்பர் 21 அன்று அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். நூல் 1990இல் வந்தது. கற்பனை எழுத்துகள் பெரும்பாலும் தவறவிட்ட ஒன்று அவருடைய உரைநடையில் உண்டு: அப்பெண் அடுத்த நாள் எவ்வாறு வாழப்போகிறாள் என்ற கவலை.

கவிஞர் கலாவின் கவிதை வேறு வகையினது. 1997 மே மாதத்தில் அம்பாறை மாவட்டத்தில் ஒரு தாய் காவல்துறையினரால் வன்புணரப்பட்டு, உடலில் கைக்குண்டு வைத்துக் கொல்லப்பட்டார். அவருடைய பெயரையே பன்மையாக்கித் தலைப்பிட்டு எழுதப்பட்ட அக்கவிதை, பெண்ணுறுப்பின் பெயரை வெளிப்படையாகச் சொன்னமைக்காகப் பெரும் சர்ச்சைக்கு உள்ளாயிற்று. செயலைக் கேட்டு நடுங்காத செவிகள் சொல்லைக் கேட்டு நடுங்கின. அக்கவிதையின் சினம் நேர்மையானது என்பதே என் கணிப்பு. ஆனால் சினத்தின் வேகத்தில் அது பெண்ணுடலை மீண்டும் இரு இனங்களின் போர்க்களமாகவே நிறுத்திவிடுகிறது என்பதையும் சொல்லவேண்டும்.

எழுத்து நின்ற இடத்திலிருந்து நீதிமன்றம் தொடர வேண்டும். 1996 செப்டம்பரில் செம்மணிப் பகுதியில் ஒரு பள்ளி மாணவி படையினரால் வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். 1998இல் குற்றவாளிகளுக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோது, அவர்களுள் ஒருவர் செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருப்பதாகக் கூறினார். 1999இல் 15 உடல்களின் எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டன. 2025இல் அப்பகுதியில் நடந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. ஒரு பெண்ணின் வழக்கு இறுதிவரை நடத்தப்பட்டதால் ஓர் ஊரின் உண்மை வெளிவரத் தொடங்கியது.

நம் மாநிலத்தில் அது போரன்று. ஆனால் அரசின் சீருடையே அங்கும் வந்தது. 1992 சூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் வனத்துறையினர், காவல்துறையினர், வருவாய்த்துறையினர் நுழைந்து 18 பெண்களை வன்கொடுமைக்கு உள்ளாக்கினர். 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த அனைவரையும் குற்றவாளிகள் என அறிவித்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 31 ஆண்டுகள் அப்பெண்களால் நிற்க முடிந்ததற்கு, ஊரும் மலைவாழ் மக்கள் சங்கமும் அவர்களோடு நின்றமை பெருங்காரணம். புதுமைப்பித்தன் கதை வெறுமையாக விட்ட இடத்தை வாச்சாத்தி மக்கள் நிரப்பினர்.

போர் என்றால் இவை நடக்கத்தான் செய்யும் என்பாரும் உளர். அது உண்மையன்று. எலிசபெத் உட் என்னும் அமெரிக்க அறிஞர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, ஆயுதக் குழுக்களிடையே இக்குற்றம் பெரிதும் வேறுபடுவதைக் காட்டியது. வேறு கொடுமைகள் பல புரிந்த விடுதலைப் புலிகளிடம்கூட, பொதுமக்கள் மீதான பாலியல் வன்முறை அரிதாகவே இருந்தது என அவர் குறிப்பிட்டார். தலைமை தடுத்துத் தண்டித்தால் இது குறையும். ஆகவே தலைமையின் பொறுப்பு சட்டமாக வேண்டும். 2013இல் நீதிபதி வர்மா குழு, படையினரின் பாலியல் குற்றங்களைப் பொதுவான குற்றவியல் சட்டத்தின்கீழ் கொண்டுவரப் பரிந்துரைத்தது. ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் நடைமுறையிலுள்ள பகுதிகளில் வழக்குத் தொடர மத்திய அரசின் முன்னனுமதி வேண்டும் என்ற விதியோ நீக்கப்படவில்லை.

சமயச் சமூகங்கள் செய்யக்கூடியதற்கும் சான்று உண்டு. 2014இல் ஈராக்கின் சிஞ்சாரில் யாசிதிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கடத்தப்பட்டபோது, அவர்தம் சமயத் தலைவர் பாபா ஷேக், திரும்பி வருவோர் எவ்விதக் குறையுமின்றி ஏற்கப்பட வேண்டும் என அறிவித்தார். பலர் வீடு திரும்ப அது வழி திறந்தது. ஆனால் 2019இல் அச்சமூகத்தின் உயர் மன்றம், அவ்வன்முறையில் பிறந்த குழந்தைகளை ஏற்கவில்லை. பாதி திறந்த கதவு தாயைப் பிள்ளையிடமிருந்து பிரித்தது.

நம் கதவு எந்நிலையில் உள்ளது? முகாம்களுக்கு வெளியே, வாடகை வீடுகளில் வாழும் ஈழத்துக் குடும்பங்கள் சென்னையின் தென்புற நகர்களுக்குப் புதியவர்கள் அல்லர். பொழிச்சலூரிலோ பம்மலிலோ ஞாயிறு திருப்பலியில் நம் அருகே அமர்ந்திருப்பவள், எவரிடமும் சொல்லாத ஒன்றைச் சுமந்திருக்கலாம். அவளைத் துருவிக் கேட்கும் உரிமை நமக்கில்லை. அவளே சொல்ல முன்வந்தால், ஏன் அங்கே போனாய், ஏன் இத்தனை காலம் மறைத்தாய் என்று கேளாமல் இருக்கலாம். அவள் பெயரைப் பிறரிடம் சொல்லாதிருக்கலாம். மன்றாட்டில்கூட அடையாளம் தெரியும்படி குறிப்பிடாதிருக்கலாம். இன்று புதிதாக ஒரு கொடுமை நேர்ந்தால், முதலில் மருத்துவமனை: அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் கட்டணமின்றி உடனே சிகிச்சை தரவேண்டும் என்பது 2013 முதல் சட்டம். நோய்த்தொற்றுத் தடுப்பு மருந்துக்கு 72 மணி நேரமே எல்லை. 181 என்ற எண்ணில் உதவி கிடைக்கும். எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதியலாம். சமரசம் பேசி வைப்பது பங்கின் பணியன்று. அவள் விரும்பினால் நீதிமன்றம் வரை உடன் செல்வதே பணி.

மீண்டு வந்தவளிடம் கேட்கத்தக்க கேள்வி ஒன்றே: உனக்கு என்ன வேண்டும்? மற்ற கேள்விகள் யாவும் அதைச் செய்தவனுக்கும், அவனை ஏவியவர்க்கும், கண்டும் காணாதிருந்த நமக்கும் உரியவை.