ஆட்டின் விடுதலை

'விடுதலை' எல்லார் நாவிலும் இனிக்கும் சொல். ஆனால் ஒருவர் நாவில் இனிக்கும் அதே விடுதலை, இன்னொருவர் வாழ்வில் கசந்துபோவதும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், பால்டிமோர் நகரில் ஆபிரகாம் லிங்கன் ஆற்றிய சிற்றுரை இந்த முரணையே பொருளாகக் கொண்டது. தன் உழைப்பின் பயனைத் தானே துய்ப்பது விடுதலை என்றனர் ஒரு சாரார். பிறர் உழைப்பைத் தம் விருப்பம்போல் ஆளத் தடையில்லாமையே விடுதலை என்றனர் மறு சாரார். இதனை விளக்க லிங்கன் ஓர் உவமை கூறினார். ஆட்டின் கழுத்தைக் கவ்விய ஓநாயை ஆயன் விரட்டுகிறான். ஆடு அவனை மீட்பன் எனப் போற்றுகிறது. ஓநாயோ தன் விடுதலையைப் பறித்தவன் எனப் பழிக்கிறது.

அமெரிக்காவில் இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. வறுமையினின்றும் அச்சத்தினின்றும் விடுபடுவதும் விடுதலையே என்றார் ரூஸ்வெல்ட், 1941இல். அரசு குறுக்கிடாதிருப்பதே விடுதலை என்போர் இன்றும் அதை மறுக்கின்றனர்.

லிங்கனின் உவமை அழகியது. எனினும், இராமேசுவரம் கரையில் நின்று அதைப் படிப்பவருக்கு ஒரு குறை தென்படும்.

'கடலுக்கு ஏது வேலி?' என்பது நம் விசைப்படகு மீனவரின் கேள்வி. கச்சத்தீவை இலங்கைக்கு உரியதாக்கிய 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை, மீனவரும் திருப்பயணிகளும் விசா இன்றி முன்போலவே அங்குச் சென்றுவரலாம் என்றது. 1976இல் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களோ எல்லைக்கு அப்பால் மீன்பிடிப்பதைத் தடுத்தன. பாட்டன் வலைவீசிய நீரில் பேரன் கைதாகிறான், படகும் பறிபோகிறது. அவனுடைய அழுகை ஆட்டின் அழுகையே, ஐயமில்லை.

ஆனால் அவன் படகு இழுத்துச் செல்லும் மடி கடலடியைச் சுரண்டுகிறது. யாழ்ப்பாணத்துச் சிறு மீனவரின் வலைகளை அறுத்தெறிகிறது. 2009இல் போர் ஓய்ந்தபின் கடலுக்குத் திரும்பிய அம்மக்கள் கேட்பதும் விடுதலையே. இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டத்தால் தடைசெய்தபோது அக்கரை வரவேற்றது, இக்கரை கண்டித்தது. நம் நாட்டுப்படகு மீனவரின் முறையீடும் இதே மடியைப் பற்றியதுதான். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கலாகாது என்னும் 1983ஆம் ஆண்டின் தமிழகச் சட்டம் அவர்களைக் காக்கவே எழுந்தது.

ஆக, இங்கே ஆடும் ஓநாயும் வெவ்வேறு பிறவிகள் அல்ல. சிறைப்படும்போது ஆடாக இருப்பவனே மடி இழுக்கும்போது ஓநாயாகிறான். அவனும் பெரும்பாலும் கூலிக்குப் படகேறியவனே. லிங்கனின் உவமையில் இவனுக்கு இடமில்லை.

இறைவாக்கினர் எசேக்கியேல் நூலின் 34ஆம் அதிகாரத்தில் இடமுண்டு. அங்கே ஆயராகிய ஆண்டவர், மந்தையைக் கொடிய விலங்குகளிடமிருந்து காப்பதோடு நின்றுவிடவில்லை. ஆட்டுக்கும் ஆட்டுக்கும் இடையே நீதி வழங்குகிறார். தான் தெளிந்த நீரைக் குடித்துவிட்டு, எஞ்சியதைக் காலால் கலக்கிவிடும் கொழுத்த ஆடு அங்கே கண்டிக்கப்படுகிறது. கலங்கிய கடலைக் கண்ட நமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

தவக்காலத்தில் நடைபெறும் கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவில் இரு கரையினரும் ஒரே பீடத்தின்முன் மண்டியிடுகின்றனர். விடுதலை எது என்று ஆராய்வோருக்கு அதுவே தக்க இடம். நான் வேண்டும் விடுதலைக்கு, என் அருகில் மண்டியிட்டிருக்கும் அக்கரைச் சகோதரனும் 'ஆமென்' சொல்வானா?