பெட்ரஸ் விட்டுப்போன வேலை

ஜே. எம். கூட்ஸியின் ‘டிஸ்கிரேஸ்’ நாவலை நான் கையில் எடுத்ததற்குக் காரணம் ஓர் ஊர்ப்பெயர். 1999இல் வெளிவந்து அந்த ஆண்டே புக்கர் பரிசு வாங்கிய நாவல் அது. கதையின் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில், சேலம் என்ற சிற்றூரை ஒட்டிய பண்ணையில் நடக்கிறது. நம்ம சேலத்துக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவு எதுவும் கிடையாது. ஆனாலும் சேலம், நாமக்கல் பக்கத்துக் காடுகரைகளில் இருபது வருஷமாக மாட்டு வைத்தியம் பார்க்கிற எனக்கு அந்த ஊர் அந்நியமாகப் படவில்லை.

மாணவி ஒருத்தியிடம் நடந்துகொண்ட விதத்தால் பேராசிரியர் வேலையை இழந்த டேவிட் லூரி, மகளின் பண்ணைக்கு வந்து சேர்கிறான். பெவ் ஷா என்ற பெண் நடத்தும் பிராணிகள் சிகிச்சை நிலையத்தில் ஒத்தாசைக்குப் போகிறான். அவள் முறையாகப் படித்த மருத்துவர் அல்ல. யாருக்கும் வேண்டாத நாய்களை அங்கே ஊசி போட்டு முடிக்கிறார்கள்.

நாவலைப் படித்தவர்கள் நாய்களைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். எனக்கு முதலில் உறுத்தியது ஒரு கிடாய். நாய்கள் கடித்து, விதைப்பை வீங்கிப் புழு வைத்த கிடாயை ஒரு பெண் இழுத்து வருகிறாள். காலம் கடந்துவிட்டது, வலியில்லாமல் முடித்துவிடட்டுமா என்று பெவ் ஷா கேட்கிறாள். அந்தப் பெண் மறுத்துவிட்டு ஆட்டைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போகிறாள். ஏன் என்று கூட்ஸி சொல்வதில்லை.

இங்கே யாரும் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. குச்சிக்கிழங்குத் தழையைத் தின்றுவிட்டு வாயில் நுரை தள்ளி விழும் ஆடுகளை வருஷாவருஷம் பார்க்கிறேன். தழையில் இருக்கும் சயனைடு வேலை செய்ய நேரம் அதிகம் பிடிக்காது. மருந்து ஏற்றிப் பிழைத்தால் சரி. பிழைக்காது என்று தெரிந்தால் ஆட்டுக்காரம்மா சொல்லும் முதல் வார்த்தை, “ஊசி போட்டுப்போட்டா கறிக்கு ஆகாதுங்களே சார்” என்பதுதான். மூச்சு நிற்பதற்குள் கறிக்கடைக்காரர் வந்தால் பாதி விலையாவது தேறும். நோய்ப்பட்ட கறியை விற்பது சரியில்லை. அதற்காக அவரைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லிவிட முடியாது. நாலு ஆடுதான் அவருடைய சேமிப்பு. அந்த மறுப்புக்கு விளக்கம் எழுதாமல் விட்டதில் கூட்ஸியின் நேர்மை தெரிகிறது. லூரிக்குப் புரியாத ஒன்றைப் புரிந்ததுபோல் அவர் காட்டவில்லை.

அடுத்து நாய்களின் உடல்கள். ஞாயிற்றுக்கிழமை கொன்றவற்றை லூரி திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரியின் எரியுலைக்குக் கொண்டுபோகிறான். விறைத்த கால்கள் உள்ளே போகாமல் தடுக்கின்றன என்று அங்குள்ள வேலையாட்கள் மண்வாரியால் அடித்து மடக்குகிறார்கள். அதைப் பொறுக்க முடியாமல் தானே ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்குகிறான். செத்ததற்கு இது தெரியப்போவதில்லை என்று அவனுக்கும் தெரியும். அவன் என்னவாக மாறிவிட்டான் என்று நாவல் அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு சொல்லில் நிறுத்துகிறது: ஹரிஜன்.

நான் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன்.

1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், தேறாத விலங்கின் வேதனையை முடிக்க வழி தருகிறது. ஆறடிக் குழி வெட்டு, சுண்ணாம்பு போடு, அடைப்பான் நோய் என்றால் உடலைக் கிழிக்கவே கூடாது என்று எங்கள் பாடத்திலும் உண்டு. குழியை யார் வெட்டுவது என்பது பாடத்தில் இல்லை. ஊருக்குத் தெரியும்.

கிணற்றில் விழுந்து இடுப்பு ஒடிந்த ஒரு கறவை மாட்டுக்கு நான் ஊசி போட்டு முடித்தபோது, “மாதாரிக்குச் சொல்லி உட்டிருக்கறனுங்க” என்றார் தோட்டத்துக்காரர். வந்தவருக்கு என் அப்பா வயசு. களத்தின் ஓரத்திலேயே நின்று கேட்டார்: “தானாச் செத்ததுங்களா சாமி, ஊசி போட்டதுங்களா?”

“ஊசிங்க. நாய் தின்னாக்கூட ஆபத்து. ஆழமாத்தான் பொதைக்கணும்.”

தலையாட்டினார். மாட்டின் கழுத்துக் கயிற்றை நிதானமாக அவிழ்த்துத் தரையில் வைத்துவிட்டு விலகி நின்றார். தோட்டத்துக்காரர் வந்து எடுத்துக்கொண்டார். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் அந்தக் கயிற்றைத் தொடவில்லை.

லூரி பிணம் சுமப்பதில் ஒரு கண்ணியம் தெரிகிறதென்றால், அது அவனாகத் தேர்ந்துகொண்ட வேலை என்பதால்தான். நாளைக்கே விட்டுவிட்டுப் போனால் அவனைக் கேட்பார் கிடையாது. காந்தி 1930களில் பரப்பிய அந்தச் சொல் நாவலில் ஓர் உவமை. இங்கே அது பிறப்போடு வந்த வேலை. அதனால்தான் அம்பேத்கர் 1927இல் மகாடில் செத்த மாட்டின் இறைச்சியைக் கைவிடச் சொன்னார். 2016இல் குஜராத்தின் உனா பகுதியில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தபோது, மக்கள் மாட்டுச் சடலங்களைக் கொண்டுவந்து சுரேந்திரநகர் கலெக்டர் ஆபீஸ் முன்னால் போட்டார்கள். இனி எடுக்க மாட்டோம் என்றார்கள். அவர்களுடைய கண்ணியம் சுமக்க மறுத்ததில் இருந்தது.

அதே 2016இல் நம் திருச்செங்கோட்டுக்காரர் பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’ வந்தது. வறட்சியையும் ஆட்டின் வேதனையையும் இவ்வளவு நெருங்கி எழுதியவர்கள் குறைவு. ஆனால் முடிவில் பூனாச்சி கல்லாகிவிடுகிறது. யாரும் தூக்க வேண்டிய சடலம் அங்கே மிஞ்சுவதில்லை. ‘கூளமாதாரி’யில் ஆடு மேய்க்கும் சக்கிலியப் பிள்ளைகளை நடுவில் வைத்து எழுதியவர் என்பதால் அந்த இடைவெளி எனக்குக் கூடுதலாகத் தெரிகிறது.

‘டிஸ்கிரேஸ்’ஸுக்கு மறுபடி போனது பெட்ரஸுக்காக. நாய்களைப் பார்த்துக்கொள்கிறவன் என்று தொடக்கத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் கறுப்பினத்தவன் அவன். பிறகு அவனுக்கு நிலம் கிடைக்கிறது. அதைக் கொண்டாடும் விருந்தில், இனி அந்த வேலை தன்னுடையதல்ல என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்கிறான். அதற்குப் பிறகுதான் லூரி அதைக் கையில் எடுக்கிறான். இந்த வரிசையை முதல் வாசிப்பில் நான் தவறவிட்டேன். அந்த ஒரு சொல்லில் கூட்ஸி சறுக்கியிருக்கலாம். கதை சறுக்கவில்லை. நிலம் வந்தவன் முதலில் விட்டது எந்த வேலையை என்று அது தெளிவாகச் சொல்கிறது.

இப்போதெல்லாம் ஊசியை எடுக்கும் முன்பு, “பொக்லைனுக்குச் சொல்லீட்டீங்களா?” என்று கேட்கிறேன். “ஒரு மாட்டுக்கு அத்தனை வாடகையா டாக்டரே?” என்பார்கள். கொடுக்கத்தான் வேண்டும். இத்தனை காலமும் அந்த வாடகையை வேறு ஒருவர் கட்டிக்கொண்டிருந்தார்.