முதல் நாவலுக்கு ஒரு விசில்!

2024 ஜூன், ஞாயிற்றுக்கிழமை காலை. கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் அப்போது சனிக்கிழமை ராத்திரி, அறிவியல் புனைவுக்கும் ஃபேண்டஸிக்குமான நெபுலா விருது விழா. இங்கே நான் பல்கூடத் தேய்க்காமல் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். சிறந்த நாவல் யாருக்கு? வஜ்ர சந்திரசேகர! கொழும்புக்காரர்! அதுவும் முதல் நாவலுக்கு! நான் போட்ட கூச்சலில் அடுப்படியிலிருந்து "யாரு அவுட்டு?" என்று குரல் வந்தது. உலகக்கோப்பை நேரம் வேறு, பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

பெரிய விருதுகளைவிட எனக்குப் பைத்தியம் புதுமுக விருதுகள்மேல்தான். ஃபேண்டஸியில் முதல் புத்தகம் எழுதியவருக்கு க்ராஃபோர்ட், 1985 முதல். பால்டிமோர் ரசிகர் சங்கம் 1983 முதல் கொடுக்கிற காம்ப்டன் க்ரூக். ஆர்.எஃப். குவாங் 2019இல் 'த பாப்பி வார்' நாவலுக்கு இந்த இரண்டையுமே தட்டிக்கொண்டு போனார். அப்புறம் வாசகர்களே ஓட்டுப் போடும் லோகஸ். அங்கே 1985இல் வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்ஸர்' தோற்றது தெரியுமா? ஹ்யூகோ, நெபுலா, ஃபிலிப் கே. டிக் என்று மூன்று விருதுகளையும் வாங்கிய நாவல், முதல் நாவலுக்கான லோகஸை மட்டும் கிம் ஸ்டான்லி ராபின்சனிடம் பறிகொடுத்தது. இந்தக் கூத்துக்காகவே பட்டியல் வரும்வரை எனக்குத் தூக்கம் வராது!

சரி, வஜ்ரவின் 'த செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' நாவலுக்கு வருகிறேன். நெனச்சுப் பாருங்களேன், பிள்ளை பிறந்ததும் தாய்க்காரி அதன் நிழலை ஆணியடித்துப் பிய்த்தெடுத்துவிடுகிறாள், அன்றைக்கிருந்து அவனுக்குப் பூமியில் கால் பாவாது, கொஞ்சம் அசந்தால் மிதக்க ஆரம்பித்துவிடுவான், அவனை வளர்ப்பதே பெற்ற தகப்பனைக் கொல்வதற்கு, அந்தத் தகப்பனோ ஊர் உலகம் கும்பிடுகிற மகான்! இவன் வளர்ந்து லூரியட் என்கிற நகரத்துக்குப் போகிறான், போய்க் கொலையா செய்கிறான், இல்லை சார், தன்னைப்போலவே அவதாரமாகப் போகிறோம் என்று வளர்ந்து கடைசியில் ஒன்றும் ஆகாமல் போனவர்கள் வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுகிற கூட்டத்தில் சேர்கிறான், நான் அங்கேயே விழுந்துவிட்டேன்! ஊரெங்கும் பளிச்சென்று வண்ணமடித்த, திறக்கவே முடியாத கதவுகள், சுற்றிப் போய்ப் பார்த்தால் பின்பக்கமே கிடையாது. பஸ்ஸில் நாவலைப் படித்துக்கொண்டே போய் இறங்கவேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிட்டேன், போகட்டும் என்று டெப்போவரைக்கும் படித்தேன். இனக்கலவரம், அடையாளக் காகிதம், முகாம் என்று அவர் எழுதும்போது இலங்கையை அறிந்த தமிழ் வாசகருக்கு வயிறு பிசையும். முகாம் அத்தியாயங்கள் கொஞ்சம் இழுவை என்பார்கள். சொல்லட்டும், எனக்கென்ன!

க்ராஃபோர்டும் இதற்கே, நெபுலா கிடைத்து இரண்டே வாரத்தில் முதல் நாவலுக்கான லோகஸும் இதற்கே. உடனே வாங்கிப் படியுங்கள். என் பிரதியை மட்டும் இரவல் கேட்காதீர்கள், சொந்த மச்சானுக்கே இல்லையென்று சொல்லிவிட்டேன்.