எந்த ஊரு சார் நீங்க?

சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு ஒரு கேள்வி மனப்பாடம் ஆகியிருக்கும். 'எந்த ஊரு சார் நீங்க?' மயிலாப்பூரில் சில தெருக்களில் இதற்கு அர்த்தம், என்ன ஜாதி? அடையாறில் சில அபார்ட்மென்ட்களில் அர்த்தம், முட்டை சாப்பிடுவீங்களா? தி.நகரில் புரோக்கரே உங்களுக்காகப் பதில் சொல்லிவிடுவார். எப்படியோ, பதில் சரியாக இருந்தால்தான் சாவி கைக்கு வரும்.

2025 மே 1 அன்று வெளியான 'டூரிஸ்ட் ஃபேமிலி' இந்த ஒரே கேள்வியில்தான் நிற்கிறது. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதல் படம். பொருளாதார நெருக்கடியில் இலங்கையில் பிழைக்க வழியில்லாமல் தர்மதாஸ் (சசிகுமார்), மனைவி வாசந்தி (சிம்ரன்), இரண்டு பையன்கள் என நான்கு பேர் படகேறி ராமேஸ்வரம் வந்து, சென்னையில் ஒரு காலனியில் குடியேறுகிறார்கள். வாசந்தியின் கூடப்பிறந்த யோகி பாபு போடும் முதல் கண்டிஷன்: வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஊர் தெரிந்துவிடும். போதாததற்கு, வீட்டு ஓனர் ஒரு போலீஸ்காரர்!

படம் ஜெயித்த இடம் இதுதான். வேறு மொழி பேசும் நாட்டுக்குப் போனவன் பாஷை தெரியாமல் திண்டாடுவான். இவர்களுக்குப் பாஷை தெரியும், அதே தமிழ்தான். ஆனால் 'பேசறேன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'கதைக்கிறன்' என்று சொன்னால் மாட்டிக்கொள்வார்கள். சொந்தத் தமிழை ஒளித்து வைத்துக்கொண்டு தமிழர்கள் நடுவில் வாழ வேண்டும் என்பது எவ்வளவு பெரிய அவஸ்தை! 2000-ல் வந்த 'தெனாலி'யில் கமல் பேசிய ஈழத் தமிழுக்கு நாம் சிரித்தோம். அந்த மனிதனின் பயத்துக்கும் சேர்த்துத்தான். இருபத்தைந்து வருஷம் கழித்து ஒரு படம் அதே தமிழின் பயத்தைப் பயமாகவே காட்டுகிறது. இது முன்னேற்றம்.

இந்த உச்சரிப்போடு நம் ஊருக்குப் பழைய கணக்கு உண்டு. 1982 மே 19-ம் தேதி தி.நகர் பாண்டி பஜாரில் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார்கள். ஷாப்பிங் போன சனத்துக்கு விஷயம் என்னவென்று அப்போது புரிந்திருக்காது. அடுத்த வருஷம் 1983 ஜூலைக் கலவரம். படகு படகாக ஆட்கள் வந்தார்கள். கதவுகள் திறந்தன. 'கதைக்கிறன்' என்றால் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். 1991 மே 21-ம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதோடு கதவுகள் சாத்திக்கொண்டன. உச்சரிப்பு மாறவில்லை. கேட்ட காதுகள்தான் மாறின.

இனி என் இரண்டு புகார்கள்.

முதலாவது, தர்மதாஸ் ரொம்ப நல்லவர். அவர் மட்டுமா, குடும்பமே நல்ல குடும்பம். வேலை கொடுத்த எம்.எஸ்.பாஸ்கரின் மனசை மாற்றுகிறார். காலனியில் ஒரு வயசான அம்மா இறந்துபோனால் முன்னால் நிற்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் வாழ்ந்த காலனி, இவர்களால்தான் ஒன்று சேர்கிறது. தியேட்டரில் கண்ணைத் துடைத்துக்கொள்ளாதவர் குறைவு. நானும் துடைத்துக்கொண்டேன். வெளியே வந்ததும்தான் இடித்தது. அகதி என்றால் ஊருக்கே சேவை செய்து நல்ல பெயர் வாங்கினால்தான் இருக்க இடமா? தர்மதாஸ் கொஞ்சம் சிடுமூஞ்சியாக, கடன் வாங்கித் திருப்பித் தராதவராக, சாதாரண மனுஷனாக இருந்திருந்தால் காலனி அவர் பக்கம் நின்றிருக்குமா? நாம் அப்படி எத்தனை பேர் இருக்கிறோம், நம்மை யாராவது நாடு கடத்துகிறார்களா?

2015-ல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய 'தீபன்' இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறது. ஜாக் ஓடியார் என்ற பிரெஞ்சு டைரக்டர் எடுத்த படம். வசனம் பெரும்பகுதி தமிழ். எழுத்தாளர் ஷோபாசக்திதான் ஹீரோ. சிறுவயதில் இயக்கத்தில் இருந்து, விலகி, பிரான்ஸில் தஞ்சம் புகுந்தவர். முன்பின் தெரியாத மூன்று பேர், செத்துப்போனவர்களின் பாஸ்போர்ட்டில் கணவன், மனைவி, மகளாக நடித்து பாரீஸ் புறநகரில் குடியேறுகிறார்கள். அந்த யாழினி (நம் சென்னை நாடக நடிகை காளீஸ்வரி சீனிவாசன்) 'மகளிடம்' ஆரம்பத்தில் பிரியமாகக்கூட இருப்பதில்லை. சமயம் கிடைத்தால் இங்கிலாந்துக்கு ஓடிவிடப் பார்க்கிறாள். பொய், சுயநலம், பயம் எல்லாம் இருக்கிறது. இருந்தும் அவர்கள் பிழைக்க வேண்டும் என்று நாம் தவிக்கிறோம். அது பெரிய விஷயம். (கடைசி இருபது நிமிஷம் சண்டைப் படமாக மாறிவிடுவது வேறு வழக்கு.)

இரண்டாவது புகார், காகிதம். அட்வான்ஸ், வாடகை, ஆதார், சிம் கார்டு, பள்ளிக்கூட டி.சி., போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டிய வாடகைதாரர் விவரம்... சென்னையில் ஒரு குடும்பம் கால் ஊன்ற எத்தனை காகிதம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். படம் இவற்றை விறுவிறுவென்று கடந்து போய்விடுகிறது. மனசு நல்லதாக இருந்தால் காகிதம் தானாக வரும் என்பது போல. வராது சார்.

நிஜத்தில் என்ன நடந்தது? 2022 மார்ச்சில் முதல் படகுகள் தனுஷ்கோடிப் பக்கம் வந்தன. வந்தவர்களை மண்டபம் முகாமில் வைத்தார்கள். தமிழ்நாட்டில் இப்படி நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள். 2021-ல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. புது வீடுகள் உட்பட 317 கோடி ரூபாய்க்குத் திட்டங்களும் அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் குடியுரிமை டெல்லி கையில். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை கிடையாது. முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் 'எந்த ஊரு?' என்று கேட்டால் என்ன சொல்வார்கள்?

படம் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2025 மே 19 அன்று, தண்டனை முடிந்த ஓர் இலங்கைத் தமிழர் இங்கேயே இருக்க அனுமதி கேட்ட வழக்கில், இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் இல்லை என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. தியேட்டரில் தர்மதாஸுக்குக் கைதட்டல், கோர்ட்டில் தர்மசத்திரம் மூடல்! அகதிகளுக்கான 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. அதனால் இங்கே அடைக்கலம் என்பது உரிமை அல்ல, அவ்வப்போது காட்டும் தயவு. அதே வருஷம் செப்டம்பரில் தயவும் கொஞ்சம் வந்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, விசா இல்லாமல் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு. தேதியைக் கவனியுங்கள். தர்மதாஸ் குடும்பம் வந்தது நெருக்கடிக்குப் பிறகு. அவர்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

சென்னைக்காரர்களுக்குக் காகிதத்தின் அருமை தெரியாது என்று சொல்ல முடியாது. விசாவுக்கென்றே பழவந்தாங்கலில் ஒரு பிள்ளையாரை வைத்திருக்கும் ஊர் இது. 2025 செப்டம்பரில் அமெரிக்கா புது ஹெச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்ததும் மயிலாப்பூரிலும் அடையாறிலும் எத்தனை வீட்டில் தூக்கம் போயிற்று! 'என் பையன் ஒழுங்கா டாக்ஸ் கட்டறான், அவனை ஏன் துரத்தறாங்க?' என்று கேட்கும் அம்மாவின் நியாயம் நமக்குப் புரிகிறது. அதே நியாயம் மண்டபத்தில் இருக்கும் அம்மாவுக்கும் உண்டு என்று புரிய வைப்பதுதான் இந்த மாதிரிப் படங்களின் வேலை. 'டூரிஸ்ட் ஃபேமிலி' அந்த வேலையில் பாதியைச் செய்திருக்கிறது. அவர்களை நமக்குப் பிடிக்க வைத்திருக்கிறது.

மீதிப் பாதி, பிடிக்காவிட்டாலும் இடம் கொடுப்பது. அதற்கு இன்னொரு படம் வர வேண்டும். அதற்குள், மாடி போர்ஷன் காலியாக இருக்கிற வாசகர்களுக்கு ஒரு யோசனை. யாராவது வீடு கேட்டு வந்தால் முதல் கேள்வியை மாற்றிக் கேட்டுப் பாருங்களேன். 'சாப்பிட்டீங்களா?'