எல்லோருக்குமான இணையத்தளம்: ஓர் அளவுகோலின் நிறையும் குறையும்

வாசகர்களே, இக்கட்டுரையைத் தொடர்ந்து படிக்கும் முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். உங்கள் கணிப்பொறியின் மவுஸை அகற்றி வைத்துவிடுங்கள். விண்ணப்பம் நிரப்பும் இணையத்தளம் ஏதாவது ஒன்றைத் திறந்து, விசைப்பலகையின் டேப் விசையை மட்டும் அழுத்திக்கொண்டே சென்று விண்ணப்பத்தை முடிக்க முயலுங்கள். பல தளங்களில் நீங்கள் இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்பதே தெரியாது. சிலவற்றில் உள்ளே போக முடியும், வெளியே வர முடியாது. கை நடுக்கம் உள்ளவருக்கும், கண் பார்வை இல்லாதவருக்கும் இது சோதனை அன்று, அன்றாட வாழ்க்கை. கல்லூரிச் சேர்க்கை, தேர்வு முடிவு, வங்கிக் கணக்கு, வேலைக்கான நேர்காணல் ஆகிய எல்லாமே இன்று திரையின் வழியாகத்தான் நடைபெறுகின்றன. திரை மூடிய கதவானால், அவர்களுக்கு வேறு கதவு இல்லை. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். சிறு தொகை அன்று.

இக்கதவைத் திறந்து வைப்பது எப்படி என்று கூறும் ஆவணம் ஒன்று உண்டு. இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் வைய விரிவு வலைக் கூட்டமைப்பு அதை வெளியிட்டது. 'இணைய உள்ளடக்க அணுகல் நெறிமுறைகள்' என்று அதைத் தமிழில் கூறலாம். முதற்பதிப்பு 1999-இல் வந்தது. 2008-இல் முழுவதும் திருத்தி எழுதப்பட்ட இரண்டாம் பதிப்பு வந்தது. 2018-இலும் 2023-இலும் அதன் விரிவாக்கங்கள் வந்தன. 2023-ஆம் ஆண்டு வடிவத்தில் 86 விதிகள் உள்ளன. உலகில் பல நாடுகளின் சட்டங்களுக்கு அடிப்படை இதுவே. ஆகவே இதை ஒரு நூலைத் திறனாய்வது போல் திறனாய்ந்து பார்ப்பது பயனுடையது. அறிவியல் நோக்கில் இதில் போற்றத்தக்கது எது? போதாதது எது?

அளக்கத் துணிந்த நூல்

இந்நூலின் முதற் சிறப்பு, நல்லெண்ணத்தை எண்களாக மாற்றியது. "எழுத்து தெளிவாக இருக்க வேண்டும்" என்று யாரும் சொல்லிவிடலாம். தெளிவு என்பது எவ்வளவு? இந்நூல் அதற்கு ஒரு சூத்திரம் தருகிறது. எழுத்தின் ஒளிர்வையும் பின்னணியின் ஒளிர்வையும் கண்டுபிடி, ஒவ்வொன்றுடனும் 0.05 கூட்டு, பெரியதைச் சிறியதால் வகு. கிடைக்கும் விகிதம், சாதாரண அளவு எழுத்துக்கு 4.5-க்குக் குறையக் கூடாது.

இதில் உள்ள இயற்பியல் அழகானது. நம் கண் பச்சை நிறத்தை மிகுதியாக உணர்கிறது. நீலத்தைக் குறைவாகவே உணர்கிறது. எனவே திரையின் சிவப்புக்கு 0.2126, பச்சைக்கு 0.7152, நீலத்துக்கு 0.0722 என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். கூட்டினால் சரியாக 1 வரும். அந்த 0.05 எதற்கு? அறையின் விளக்கொளி திரையில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வருகிறதல்லவா? முழுக் கறுப்பும் உண்மையில் முழுக் கறுப்பாக இருப்பதில்லை. அதற்கான ஈடு அது. வெள்ளைமேல் கறுப்புக்குக் கணக்கிடுங்கள்: 1.05-ஐ 0.05-ஆல் வகுக்க 21. இதுவே உச்ச அளவு.

4.5 என்ற எண்ணும் வானத்திலிருந்து விழுந்ததன்று. நல்ல பார்வை உள்ளவருக்கு 3 போதும் என்று கொண்டு, 6/12 பார்வை உள்ளவருக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய அதை ஒன்றரை மடங்காக்கினார்கள்.

இப்போது நம் அறிவிப்புப் பக்கங்களைப் பாருங்கள். முக்கியமான செய்தியை வெள்ளைப் பின்னணியில் பளிச்சென்ற சிவப்பு எழுத்தில் போடுவது நம் வழக்கம். தூய சிவப்பின் ஒளிர்வு 0.2126. 1.05-ஐ 0.2626-ஆல் வகுத்தால் 4.0 தான் வருகிறது, தேர்ச்சி இல்லை! அதே இடத்தில் தூய நீலத்தைப் போட்டால் 8.6 வரும். முக்கியம் என்று நாம் நினைத்துப் போட்ட எழுத்தே தெளிவு குறைந்த எழுத்தாக இருந்திருக்கிறது.

சாம்பல் நிறத்தில் இன்னொரு வியப்பு உண்டு. திரையில் ஒவ்வொரு நிறமும் 0 முதல் 255 வரை எண்ணால் குறிக்கப்படுகிறது. மூன்று நிறங்களுக்கும் 118 என்று கொடுத்தால் பாதிக்குச் சற்றுக் குறைந்த சாம்பல் என்று நினைப்போம். ஆனால் அந்த எண்ணும் வெளிவரும் ஒளியும் நேர்விகிதத்தில் இல்லை. அந்தச் சாம்பலின் ஒளிர்வு 18 விழுக்காடு மட்டுமே. வெள்ளைமேல் அதன் விகிதம் 4.54, தேர்ச்சி. ஓர் எண் கூட்டி 119 ஆக்கினால் 4.48, தோல்வி. விதி என்றால் எங்கேயாவது கோடு போட்டுத்தானே ஆக வேண்டும்!

இதுபோன்றே, ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் பளிச்சிடும் காட்சி கூடாது என்பதும் ஒரு விதி. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சிக் கேலிச்சித்திரத்தில் சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு முறை அளவில் மாறி மாறி ஒளிர்ந்தன; பார்த்த பிள்ளைகள் பல நூறு பேர் வலிப்பு, மயக்கம் முதலியவற்றுடன் மருத்துவமனைக்குப் போனார்கள். இவ்விதியின் தேவையை அந்நிகழ்ச்சி விளக்கும்.

சூத்திரம் காணாத கண்கள்

இனிக் குறைகளுக்கு வருவோம். இச்சூத்திரம் சராசரிக் கண்ணுக்கு எழுதப்பட்டது. சிவப்பை உணரும் கூம்புச் செல்கள் பிறவியிலேயே இல்லாதவர்கள் உண்டு. அவர்களுக்குச் சிவப்பு ஒளி மிக மங்கலாகத் தோன்றும். கறுப்புமேல் தூய சிவப்பு எழுத்துக்குச் சூத்திரம் 5.25 என்று மதிப்பெண் போட்டுத் தேர்ச்சி அளிக்கிறது. அவர்கள் கண்ணுக்கோ அது இருட்டின்மேல் இருட்டு.

இரண்டாவது குறை நம் மொழியைச் சார்ந்தது. பெரிய எழுத்துக்கு விகிதம் 3 இருந்தால் போதும் என்கிறது நூல். பெரிய எழுத்து என்றால் 18 புள்ளி அளவு, அல்லது தடித்த எழுத்தில் 14 புள்ளி. சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளுக்கு அதற்கு இணையான அளவு என்று ஒரு குறிப்பும் இருக்கிறது. தமிழைப் பற்றிய பேச்சே இல்லை. ஆனால் தமிழில் மெய்யெழுத்தின் தலைமேல் ஒரு சிறு புள்ளி இருக்கிறது. அது போனால் 'பல்' என்பது 'பல' ஆகிவிடும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். நல்ல கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கான கோணத்தைப் பிரித்தறியும். 40 சென்டிமீட்டர் தொலைவில் அது 0.12 மில்லிமீட்டர். 6/24 பார்வை உள்ளவருக்கு இதன் நான்கு மடங்கு, அதாவது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தேவை. அதைவிடச் சிறிய புள்ளி அவர் கண்ணில் மறைந்துவிடுவதில்லை, பரவி மங்கிவிடுகிறது. அதாவது சூத்திரம் கணக்கிட்ட விகிதம் திரையில் இருக்கிறது, விழித்திரையில் இல்லை. எழுத்தின் உடலுக்கு 3 போதலாம், புள்ளிக்குப் போதாது. எழுத்தை இருமடங்கு வரை பெரிதாக்கினாலும் பக்கம் குலையக் கூடாது என்று நூல் வேறோர் இடத்தில் விதித்திருப்பது ஓரளவு ஆறுதல்.

கண்ணுக்குத் தமிழ், காதுக்குக் குப்பை

பார்வையற்றோர் கணிப்பொறியைப் பயன்படுத்துவது திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையால். என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பானை 2006-இல் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன். அவருடன் சேர்ந்து அதை வளர்த்தவர் ஜேம்ஸ் டே. இருவரும் பார்வையற்றவர்கள். அது தமிழையும் படித்துக் காட்டும். ஆனால் திரையில் தெரியும் வடிவத்தை அது படிப்பதில்லை; வடிவத்துக்குப் பின்னால் உள்ள குறியெண்ணைத்தான் படிக்கிறது.

இங்கேதான் நாம் தவறுகிறோம். யூனிகோடு முறை பரவுமுன் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் குறியெண்களைக் கடன் வாங்கிக்கொண்டன. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தட்டச்சு செய்தால் கணிப்பொறியின் நினைவில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கண் உள்ளவருக்கு அம்மா தெரிகிறாள். திரைவாசிப்பானோ அந்த ஆங்கில எழுத்துகளை உளறுகிறது. தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆயினும் பழைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் இன்றும் உலவுகின்றன. அவற்றைவிடக் கொடியது, கையொப்பமிட்ட தாளை ஒளிப்படமாக எடுத்துப் பி.டி.எஃப். ஆக்கி ஏற்றிவிடுவது. அதில் எழுத்தே இல்லை. எழுத்தின் படம்தான் இருக்கிறது.

இதைத் தடுக்க நெறிமுறையில் விதி இல்லாமல் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் அதன் பொருளைச் சொல்லும் மாற்று உரை வேண்டும் என்பது விதிகளில் முதலாவது. ஆனால் மாற்று உரை இருக்கிறதா என்று கருவி சோதிக்குமே தவிர, அதற்குப் பொருள் இருக்கிறதா என்று சோதிக்காது. மின்சுற்றுப் படம் ஒன்றுக்கு 'படம் 1' என்று எழுதி வைத்தாலும் கருவி தலையசைத்துவிடும். மனிதர் சோதித்தே தீர வேண்டும் என்று கூட்டமைப்பே வலியுறுத்துகிறது. நாமோ கருவி தரும் நூற்றுக்கு நூறு மதிப்பெண்ணைச் சட்டமிட்டு மாட்டிவிடுகிறோம். அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கு உதவும் எளிய நடை பற்றிய விதியை நூல் மிக உயர்ந்த படியில் வைத்திருக்கிறது. சட்டங்கள் பொதுவாக நடுப்படியோடு நின்றுவிடுவதால் அவ்விதி ஏட்டில் தங்கிவிடுகிறது.

கூட்டத்தில் நடப்பது

இணையப் பக்கத்துக்கு 86 விதிகள் உண்டு. அலுவலகக் கூட்டத்துக்கு? நேரடி ஒளிபரப்புக்கு எழுத்து வரி வேண்டும் என்பது போன்ற சில விதிகளைத் தவிர, இந்நூல் கூட்ட அறையினுள் நுழைவதில்லை. அது அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. எனினும், தளத்தைச் சீர்செய்துவிட்டால் கடமை முடிந்தது என்ற மயக்கத்தை அது நமக்குத் தந்துவிடுகிறது.

என் தவறு ஒன்றையே சொல்கிறேன். இணைய வழிக் கூட்டமொன்றில் ஒரு வரைபடத்தைத் திரையில் காட்டி, "இது இங்கே ஏறுகிறது, அங்கே இறங்குகிறது, பாருங்கள்" என்று பத்து நிமிடம் விளக்கினேன். கூட்டத்தில் வேறு துறையைச் சேர்ந்த பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். முடிவில் அவர், "சார், எது எங்கே ஏறியது?" என்று அமைதியாகக் கேட்டார். "வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டும்போது மின்தடை ஏறுகிறது" என்று சொல்ல எனக்கு அதிகமாக மூன்று நொடி ஆகியிருக்கும். அன்றுமுதல் சொல்லிப் பழகுகிறேன். வியப்பு என்னவென்றால், என் வகுப்பில் கண் உள்ள மாணவர்களுக்கும் பாடம் தெளிவாகியிருக்கிறது.

நேரில் கூடும் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியம், "எனக்கு மைக் வேண்டாம், என் குரல் எல்லோருக்கும் கேட்கும்" என்பது. இதற்கு இயற்பியல் என்ன சொல்கிறது? சாதாரணப் பேச்சு ஒரு மீட்டரில் சுமார் 60 டெசிபல். தொலைவு இருமடங்காகும்போதெல்லாம் நேராக வரும் ஒலி 6 டெசிபல் குறையும். எட்டு மீட்டரில் 42. மின்விசிறிகளின் இரைச்சலை 50 என்று வைத்துக்கொண்டால் பேச்சு இரைச்சலுக்கு அடியில் மூழ்கிவிடுகிறது. சுவர்களில் எதிரொலித்து வரும் ஒலி பேச்சை உரக்கச் செய்யும். ஆனால் எழுத்துகளைக் கலக்கிவிடும். செவித்துணைக் கருவி அணிந்தவருக்கு நிலைமை இன்னும் கடினம், ஏனெனில் கருவி பேச்சோடு இரைச்சலையும் பெருக்குகிறது. உதடு பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்பீர்கள். கண்ணாடி முன் நின்று 'படம்' என்றும் 'மடம்' என்றும் ஓசையின்றிச் சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒன்றுபோலவே அசையும்.

இதற்கு ஃபாரடே நமக்கு வழி செய்து வைத்திருக்கிறார். மைக்கின் மின்குறிப்பைப் பெருக்கி, அறையைச் சுற்றிப் பதித்த கம்பி வழியே செலுத்தினால் மாறும் காந்தப்புலம் உண்டாகும். செவித்துணைக் கருவியினுள் உள்ள சிறு சுருளில் அது மின்னழுத்தத்தைத் தூண்டும். இடையிலுள்ள காற்றும், விசிறியின் ஓசையும், எதிரொலியும் குறுக்கிடா. ஆனால் பேசுபவர் மைக்கை வாயருகே பிடித்தால்தான் இவ்வளவும் நடக்கும்!

யாருடைய கடமை?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பத்தையும் உள்ளடக்கியது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரல் 30-இல் வந்த மற்றொரு தீர்ப்பு நெஞ்சைத் தொடுவது. வங்கிக் கணக்குக்கு அடையாளம் காட்ட, கேமராவின் முன் கண் சிமிட்டச் சொல்கிறது கணிப்பொறி. அமில வீச்சுக்கு ஆளாகி இமைகள் சிதைந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? உயிரோடிருப்பதைக் கணிப்பொறிக்கு மெய்ப்பிக்க முடியாமல் அவர் நின்றார். மின்னணு வழி அணுகலும் வாழ்வுரிமையின் ஒரு பகுதியே என்று நீதிமன்றம் கூறியது.

அந்தக் கேமராவை அமைத்தவர் கொடியவர் அல்லர். எல்லோரும் கண் சிமிட்டுவார்கள் என்று எண்ணிவிட்டார், அவ்வளவே. அளவுகோலின் குறையும் அதுதான். என் வரைபடத்தின் குறையும் அதுதான். சராசரி மனிதன் என்பவன் கணக்கில் இருக்கிறானே தவிர, கதவைத் தட்டி வருபவர் ஒவ்வொருவரும் தனி மனிதர். ஆகவே இந்நெறிமுறைகளைக் கைவிட வேண்டியதில்லை. வெப்பமானி காய்ச்சலைக் காட்டும், நோயாளியைக் காட்டாது. அதற்காக வெப்பமானியை யாரும் எறிந்துவிடுவதில்லை. அளந்தபின், பயன்படுத்துபவரைக் கேட்கவும் வேண்டும்.

மாணவர்களே, உங்கள் கல்லூரியின் அடுத்த அறிவிப்பு வரும்போது அதிலுள்ள ஒரு சொல்லைத் தெரிவுசெய்து, வேறோர் இடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் நல்லது. ஆங்கில எழுத்துகளின் குவியலாக வந்தாலோ, தெரிவுசெய்யவே முடியாமற் போனாலோ, அதை அனுப்பியவரிடம் மரியாதையுடன் எடுத்துச் சொல்லுங்கள். அந்த அறிவிப்பைப் படிக்க முடியாத ஒரு மாணவர் உங்கள் பக்கத்து இருக்கையிலேயே இருக்கலாம்.