'அலீயும் நினோவும்' - யார் செய்த குர்பானி?

பாக்கூ நகரத்து ரஷ்யப் பள்ளியின் வகுப்பறை ஒன்றில் கதை தொடங்குகிறது. இந்நகரம் முன்னேறிய ஐரோப்பாவைச் சேர்வதும் பின்தங்கிய ஆசியாவைச் சேர்வதும் மாணவர்களாகிய உங்கள் கையிலும் இருக்கிறது என்கிறார் ஆசிரியர். மாணவன் ஒருவன் எழுந்து, தாங்கள் ஆசியாவிலேயே இருந்துவிட விரும்புவதாகப் பணிவுடன் தெரிவிக்கிறான். குர்பான் ஸயீத் என்ற புனைபெயரில் 1937ஆம் ஆண்டு வியன்னாவில் ஜெர்மன் மொழியில் வெளிவந்து, 1970இல் ஆங்கிலம் வழியாக உலகெங்கும் பரவிய நாவல் இது. தொடக்கமே இப்படி அமைந்துவிட்டதால், கிழக்கும் மேற்கும் காதலித்த கதை என்று இதனைப் பாராட்டுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பாராட்டு நாவலுக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன். இது போர்க்காலத்து நாவல். போர் வாசலுக்கு வந்து நிற்கும்போது ஒருவனுடைய பற்று எவருக்கு உரியது, அதனைத் தீர்மானிக்கும் உரிமை எவருக்கு உண்டு என்பதே இதன் உள்ளுறை.

அலீ கான் ஷிர்வான்ஷீர் பழம்பெருமை வாய்ந்த ஷியா முஸ்லிம் குடும்பத்து இளைஞன். நினோ கிப்பியானி ஜார்ஜியக் கிறிஸ்தவப் பிரபுக் குலத்தவள். 1914ஆம் ஆண்டுக் கோடையில் கராபாக் மலைநாட்டு ஷூஷாவில் இருவரும் தங்கியிருக்கும்போது உலகப் போர் மூள்கிறது. காக்கேசிய முஸ்லிம்கள் ரஷ்யப் படையில் கட்டாயமாகச் சேர வேண்டியதில்லை என்பது அக்காலச் சட்டம். எனினும் நண்பர்கள் இலியாஸ் பேக்கும் முகம்மது ஹைதரும் தாமாகவே போய்ச் சேர்கின்றனர். அலீ போகவில்லை. ஜாருடைய போர் தன்னுடைய போரன்று. தன் மண்ணுக்கு ஆபத்து பின்னர் வரும், அப்போது தன் வாள் தேவைப்படும் என்பது அவன் எண்ணம். போருக்குப் போகாதவனைக் கோழையாக்காமல், அவனுடைய தயக்கத்திற்கும் ஒரு கண்ணியம் உண்டென்று காட்டிய ஆசிரியரின் துணிவை மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் அத்துணிவு எல்லா இடங்களிலும் இல்லை. நினோவைக் காரில் கடத்திச் செல்பவன் நண்பனாக நடித்த ஓர் ஆர்மீனியன். குதிரையேறித் துரத்தும் அலீ அவனைக் கொல்கிறான். குல வழக்கப்படி நினோவையும் கொன்றிருக்க வேண்டும். அலீயின் கை அதற்கு எழவில்லை. வழக்கத்தைவிடக் காதலுக்குக் கட்டுப்பட்ட அந்த ஒரு கணத்தில்தான் அவன் நம் மனத்தில் உயர்கிறான். அது கிடக்க, துரோகத்தின் முகத்திற்கு ஆசிரியர் ஆர்மீனியனைத் தேர்ந்ததை நாம் எளிதில் விட்டுவிட இயலாது. 1918 மார்ச்சில் பாக்கூவில் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டதை நாவல் கண்முன் நிறுத்துகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் துருக்கிப் படை நகரைக் கைப்பற்றியபோது ஆர்மீனியர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். அப்போது அலீ ஈரானில் இருக்கிறான். அதனால் அந்த இரத்தம் நம் கண்ணில் படுவதில்லை. கதைத்தலைவன் எங்கே நிற்கிறான் என்பதைக் கொண்டு எவருடைய துயரத்தைக் காண்பது என்று முடிவு செய்வது கலைக்கு வசதியாக இருக்கலாம். நீதிக்கு அது போதாது.

கொலைக்குப் பின் தாகெஸ்தான் மலைச் சிற்றூரில் மறைந்து வாழும் அலீயைத் தேடி நினோ வருகிறாள். உடன் வந்த ஸையித் முஸ்தபா நிகாஹ் செய்து வைக்கிறார். வேதம் அருளப்பட்ட சமூகத்துப் பெண்ணை அவளது சமயத்தோடே மணப்பதற்கு நம் மார்க்கம் இடமளிப்பதை வாசகர்கள் அறிவர். ஆனால் ஸையித் முஸ்தபா காட்டும் காரணம் அதுவன்று. பெண்ணுக்கு ஆன்மாவே இல்லை, ஆகவே அவள் எந்தச் சமயத்தில் இருந்தால் என்ன என்கிறார் அவர்! இறைநம்பிக்கை கொண்ட ஆண்களையும் பெண்களையும் ஒரே வசனத்தில் இணையாக நிறுத்தி நற்கூலி அறிவிக்கும் திருமறையை ஓதியவர் பேசும் பேச்சா இது? நகைச்சுவைக்காக எழுதியதென்று சிலர் சமாதானம் கூறுவர். நகைத்துவிட்டுப் போகக்கூடிய சொல்லாக எனக்கு இது படவில்லை. இதனை மறுக்க நாவலில் ஒரு குரலும் எழாததே என் குறை.

அந்த மலைச் சிற்றூர் வாழ்வுதான் நாவலின் மிக அழகிய பகுதி. மண் குடிசை, பிரபுக் குலத்துப் பெண் அடுப்பூதுகிறாள். அவ்விருவரும் முழு மகிழ்ச்சியோடு வாழ்ந்தது அங்கு மட்டுமே. காரணம், அது அவனுடைய ஊருமன்று, அவளுடைய ஊருமன்று. அந்த மண் இருவரிடமும் எதையும் கேட்கவில்லை. ஜாராட்சி வீழ்ந்து பாக்கூவுக்குத் திரும்பியதும் ஊர் கேட்கத் தொடங்குகிறது. 1918 மார்ச் சண்டையில் தோற்று ஈரானுக்குத் தப்பியோடிய பின், தெஹ்ரான் அந்தப்புரத்தில் நினோ சிறைப்பறவை ஆகிறாள். முஹர்ரம் ஊர்வலத்தில் கணவன் தன்னையே அடித்துக்கொண்டு குருதி வழியச் செல்வதை அவள் பார்த்துவிடும் இடம் உள்ளத்தை உலுக்குவது. அவனுக்கு அது தன் மக்களோடு ஒன்றிக் கலந்த நேரம். அவளுக்கோ தன் கணவனை இழந்த நேரம். எவர் மீதும் பழி சுமத்தாமல் ஆசிரியர் இரண்டையும் ஒருசேரக் காட்டுகிறார்.

சுதந்திர அஸர்பைஜானில் அலீக்குப் பாரிஸ் தூதரகப் பணி கிடைக்கும் வாய்ப்பு வருகிறது. நினோவின் வாழ்நாள் கனவு அந்நகரம். ஈரானில் நீ பட்ட துன்பத்தைப் பாரிஸில் நான் படுவேன் என்று அலீ மறுக்க, அவள் விட்டுக்கொடுக்கிறாள். கணக்கு நேராகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் ஈரானில் அவள் துன்பத்தை வாழ்ந்து முடித்தவள்; அவனோ பாரிஸ் துன்பத்தைக் கற்பனையிலேயே தவிர்த்துக்கொண்டவன்.

குர்பான் ஸயீத் யார் என்பதே தனியொரு கதை. பாக்கூவில் வளர்ந்து, 1920இல் நாடிழந்து, பெர்லினில் இஸ்லாத்தைத் தழுவி எஸ்ஸாத் பே எனப் பெயர் கொண்ட யூத எண்ணெய் வணிகரின் மகன் லெவ் நுஸ்ஸிம்பாவும் என்பர் பலர். அஸர்பைஜானிய எழுத்தாளர் யூசுப் வஸீர் சமன்ஸமின்லியே என வாதிடுவோரும் உளர். அந்நாளைய ஜெர்மன் நூற்பட்டியலோ இப்பெயரை எல்ஃப்ரீடே ஏரென்ஃபெல்ஸ் என்ற ஆஸ்திரியப் பெருமாட்டிக்கு உரியதாகப் பதிந்துள்ளது. அவருடைய கணவர் உமர் ஏரென்ஃபெல்ஸ் இஸ்லாத்தை ஏற்றவர். நாஜிகளின் ஆட்சி வந்தபோது ஆஸ்திரியாவைத் துறந்து இந்தியா வந்தவர். ஹிட்லரை வெறுத்து வந்தவரையே எதிரி நாட்டவர் எனப் பிரிட்டிஷார் போர்க்காலத்தில் முகாமில் அடைத்தனர். பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறைத் தலைவராக விளங்கினார். 1941இல் இந்தியாவில் தாய்வழி உரிமை பற்றி அவர் எழுதிய நூல் புகழ்பெற்றது. பெண்வழிச் சமூகத்தை ஆராய்ந்தவரின் இல்லத்தோடு தொடர்புள்ள இந்நாவலில், பெண்ணின் பக்கம் இவ்வளவு குறைவாக ஒலிப்பது விந்தைதான்.

1920 ஏப்ரலில் செம்படை பாக்கூவினுள் நுழைகிறது. இருபத்து மூன்று மாதமே வாழ்ந்த குடியரசு முடிகிறது. கெஞ்சே நகரிலிருந்து நினோவையும் கைக்குழந்தையையும் திப்லிஸுக்கு ரயிலேற்றி அனுப்பிவிட்டு, அலீ ஆற்றுப் பாலத்தருகே போரிட்டு மடிகிறான். அன்று ஜாருக்காக எடுக்காத ஆயுதத்தை இன்று தன் மண்ணுக்காக எடுத்தான் என்ற அளவில் அவன் வார்த்தை தவறவில்லை. குர்பான் என்றால் பலி, காணிக்கை என்று பொருள். நாவலின் பெயர்ப்பக்கத்திலேயே நிற்கும் அச்சொல் அலீயைக் குறிப்பதாகவே வாசகர் கொள்வர். தன் நாட்டுக்காகத் தன்னையே தந்தவன் அவன், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காணிக்கையில் நினோவின் கணவனும் சேர்ந்தே போனான். அதற்கு அவள் மனம் ஒப்பியதா என்று அறிய நமக்கு வழியில்லை. நூல் முழுவதும் அலீ எழுதிய குறிப்பேடு. அவனுடைய மரணத்தைப் பதிந்து முடிப்பவனும் தோழன் இலியாஸ் பேக்தான்.

நினோ போய்ச் சேர்ந்த திப்லிஸைச் செம்படை 1921 பிப்ரவரி 25ஆம் நாள் கைப்பற்றியது. பத்தே மாதம். அதன்பின் தாயும் மகளும் எங்கே போனார்கள் என்று எழுத அந்த வீட்டில் குறிப்பேடு எதுவும் இருக்கவில்லை.